டெல்லி நம்பர் பென்ஸ் 56 லட்சத்துக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கரூரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 48. தம்பியும் இவரும் பங்குதாரர்களாக வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி செய்கிறார்கள். தறிப்பட்டறையில் தொடங்கி தொழிலை உருவாக்கியவர் அப்பா. அவருக்கு இப்போது 76 வயது, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவர் இருக்கும்போதே ஒரு பெரிய பென்ஸ் வாங்கி, அதில் அவரைப் பழனிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது மகனின் பல வருட ஆசை. கோவை ஷோரூமில் புது எஸ் கிளாஸுக்கு ஆன்ரோடு 2 கோடியே 20 லட்சத்தை ஒட்டிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, மச்சான் மூலமாக பெங்களூரு புரோக்கர் ஒருவர் வந்திருக்கிறார். அவர் காட்டியது 2018 டிசம்பரில் டெல்லியில் பதிவான எஸ் 350டி. சிங்கிள் ஓனர், 41,000 கிலோமீட்டர், விலை 56 லட்சம். அதில் 15 லட்சத்தை ரொக்கமாகத் தர வேண்டுமாம். "பெயர் மாற்றத்துக்கு அவசரமில்லை. படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார், டெல்லி நம்பரிலேயே ஓட்டுங்கள்" என்கிறாராம். ஜி-பேயில் 1 லட்சம் அட்வான்ஸும் போய்விட்டது.

வாசகர் கேட்பது: புதுசா, பழசா? நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்குமாமே? பழைய காரில் கோளாறு வந்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாதாமே? நடுவில் ஒரு வரி: "என் மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை."

அன்புள்ள கரூர் நண்பருக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கார் வாங்க நினைத்ததில் தவறே இல்லை. இந்த வகைக் காரில் அது பெரும்பாலும் புத்திசாலித்தனமும்கூட. ஆனால் இந்த ஒரு காரை, இந்தக் காகிதங்களோடு வாங்காதீர்கள்.

டெல்லி கார் ஏன் மலிவு என்று உங்கள் மச்சான் சொல்லியிருக்க மாட்டார். தலைநகர்ப் பகுதியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025-இல் பிடி கொஞ்சம் தளர்ந்தது என்றாலும் அங்குள்ள ஓனர்களுக்குப் பயம் போகவில்லை. ஏழெட்டு வயதான டீசல் சொகுசு கார்களை அவர்கள் தெற்கே தள்ளிவிடுகிறார்கள். கார் மோசமானது என்று அர்த்தமில்லை. நீங்கள் சொல்லும் எஸ் 350டி நல்ல வண்டிதான். 2018 தொடக்கத்தில் வந்தபோது இந்தியாவில் தயாரான முதல் பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான) கார் அதுதான், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினுக்கும் நல்ல பெயர் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு 15 வருடப் பதிவும், பிறகு புதுப்பித்தலும் உண்டு. காரைவிட, அதோடு வரும் ஏற்பாடுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம்

படிவம் 29-உம் 30-உம் உங்கள் பீரோவில் இருப்பதால் கார் உங்களுடையது ஆகிவிடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் அவர்தான் ஓனர். வெளி மாநிலத்துக்கு விற்றால், விற்றவர் 45 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி கை மாறி மாறிப் போயிருந்தாலும், பதிவில் பெயர் இருப்பவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அந்த டெல்லிக்காரர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தன் பெயரில் ஒரு கார் எங்கோ கரூரில் ஓடுகிறது, சலான் எல்லாம் தன் மொபைலுக்கு வருகிறது. ஒரு நாள் அவரோ அவர் வக்கீலோ, தற்காப்புக்காகப் போலீஸில் ஒரு புகார் கொடுத்து வைக்கலாம். நாளை அவர் காலமாகிவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. வாரிசுகளைத் தேடி நீங்கள் டெல்லிக்கு அலைய வேண்டியதுதான். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் ஓனரின் மொபைலுக்கு ஓ.டி.பி. போவதும் இப்போது பல இடங்களில் வழக்கம். அந்த மொபைலை எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ்தான் இதில் பெரிய ஓட்டை. மூன்றாம் நபர் காப்பீடு காரோடு சேர்ந்து வரும் என்பது சட்டம். ஆனால் காரின் சொந்த சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக மாறாது. வாங்கிய 14 நாளுக்குள் கேட்டு உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டி, பல்லடம் பக்கம் லாரியில் இடித்தால், "பாலிசி உங்கள் பெயரில் இல்லையே" என்று கம்பெனி கையை விரிக்கும். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனரோடு போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது வரி. நம்பரை மாற்ற 12 மாதம் அவகாசம் உண்டு என்று புரோக்கர் சொல்வார். அது நம்பருக்கான அவகாசம். ஆயுள் வரி கேட்பது மாநில அரசின் தனி உரிமை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு 20 சதவீதம். வெளி மாநிலப் பழைய வண்டிக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும், ஆனால் நீங்கள் கொடுத்த 56 லட்சத்தின் மேல்தான் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அசல் இன்வாய்ஸைக் கேட்பார்கள். டெல்லியில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், அதுவும் பதிவில் உள்ள ஓனர் வழியாக. இந்தப் பல லட்சம் புரோக்கரின் 56-க்குள் இல்லை.

ரொக்கம் 15 லட்சத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் போடலாம். 'மாட்டப் போவது அவர்தானே' என்று இருந்துவிடாதீர்கள். ரொக்கத்தில் போன பகுதிக்கு உங்கள் நிறுவனம் தேய்மானம் கேட்க முடியாது. பில் 41 லட்சத்துக்குத்தான் வரும். பின்னால் வழக்கு என்று வந்தால் மீதி 15 லட்சத்தை நீங்கள் கொடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

ஜி.எஸ்.டி. திரும்ப வராது

இந்தத் தவறான நம்பிக்கை ஏற்றுமதியாளர்களிடம் அதிகம். நூலுக்கும் சாயத்துக்கும் ரீஃபண்டு வாங்கிப் பழகியதால், காருக்கும் வரும் என்று நினைக்கிறார்கள். டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது கட்டிய ஜி.எஸ்.டி.யை ஈடாகக் கேட்கும் சலுகை, கிடையாது. கார் விற்பனை, பயணிகள் போக்குவரத்து, டிரைவிங் ஸ்கூல் ஆகிய தொழில்களுக்குத்தான் விலக்கு. உங்கள் தொழில் அதில் வராது.

கிடைப்பது தேய்மானம். வருடத்துக்கு 15 சதவீதம், அதுவும் குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மேல். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் அந்த வருடம் அதில் பாதி. பழனிப் பயணம் போன்ற சொந்த உபயோகத்தின் பங்கை அதிகாரி கழிக்கவும் செய்யலாம். புதுக் காருக்கு ஷோரூம் உங்களிடம் வசூலிக்கும் 1 சதவீத வருமான வரி முன்பிடித்தம் (டி.சி.எஸ்.) மட்டும் உங்கள் வருமான வரியில் ஈடாகும், ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

புதுக் காரைப் பற்றி ஒரு தகவல் பேரம் பேச உதவும். 2025 செப்டம்பர் 21 வரை இத்தகைய செடானுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 20 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 48 இருந்தது. இப்போது எல்லாம் சேர்த்து 40. புதுசின் விலை ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கியபோது பழசும் இறங்கியிருக்க வேண்டும். பழைய விலைப் பட்டியலைக் காட்டுகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இது 56 லட்ச ரூபாய் கார் அல்ல

2018-இல் இந்த மாடலின் ஷோரூம் விலை 1 கோடியே 33 லட்சம். காரின் விலைதான் விழுந்திருக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸ் விலை விழவில்லை. அந்தக் கார் நிற்பது ஏர் சஸ்பென்ஷனில். நான்கு சக்கரத்துக்கும் ரப்பர் காற்றுப் பைகள், அவற்றை நிரப்ப ஒரு கம்ப்ரஸர். ரப்பர் வயதாகி வெடிப்பு விட்டால் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட ஓடி ஓடி கம்ப்ரஸரும் போகும். பிறகு அது லட்சங்களில் பேசும் வேலை. தேய்மானப் பழுதுக்கு இன்ஷூரன்ஸ் பைசா தராது. விபத்தில் போனாலும், ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் கூடுதல் காப்பு) எடுக்காத பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதிதான் கிடைக்கும். இத்தனை வயதான காருக்கு ஜீரோ டெப் தர எல்லாக் கம்பெனியும் முன்வராது.

எந்தப் பழைய சொகுசு காரைப் பார்க்கப் போனாலும், முந்தின நாள் மாலையே சமதளத்தில் நிறுத்தி சாவியைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில், யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், ஒரு டேப்பை எடுத்து நான்கு சக்கரத்திலும் டயருக்கு மேலே மட்கார்டு விளிம்பு வரை உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், '3219' என்றால் 2019-இன் 32-வது வாரம். 41,000 ஓடிய காரில் நான்கும் புது டயர் என்றால் ஏன் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அந்தக் கார் தண்ணீரில் நின்றிருக்கிறது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய விலையுயர்ந்த கார்கள் ஏலத்தில் போய், துடைத்து மெருகேறி, வேறு ஊர்களில் விற்பனைக்கு வந்தன.

41,000 என்ற எண்ணை மீட்டரைப் பார்த்து நம்பாதீர்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி உள்ளே வந்தது என்று இருக்கும். ஓனரின் ஒப்புதலோடு கேட்டு வாங்கலாம். மூன்று வருடத்துக்கு முன்பே 70,000 என்று பதிவாகி, இப்போது மீட்டர் 40,000 காட்டிய வண்டியோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. குறைவான கிலோமீட்டரே நல்ல அறிகுறி என்பதையும் முழுதாக ஏற்காதீர்கள். டெல்லி நெரிசலில் நாளுக்குப் பத்து கிலோமீட்டர் ஊர்ந்த பி.எஸ்.6 டீசலில் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால்...

பழைய காருக்கு நுகர்வோர் உரிமை கிடையாது என்பது தவறு. வியாபாரியிடம் வாங்கினால் உண்டு. தனி நபரிடம் நேரடியாக வாங்கினால்தான் சிவில் வழக்கு என்று போக வேண்டிவரும். உங்கள் விஷயத்தில் விற்பவர் யார் என்பதே தெரியவில்லை. டெல்லி ஓனரா, புரோக்கரா? 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரி அங்கீகாரம் வாங்கியிருந்து, ஓனர் வண்டியை ஒப்படைத்ததை முறைப்படி ஆர்.டி.ஓ.வுக்கு ஆன்லைனில் தெரிவித்திருந்தால், அந்த வியாபாரியே ஓனராகக் கருதப்படுவார். அந்த ஒப்புகையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் வெறும் இடைத்தரகர்.

நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் 'வணிக நோக்கம்' என்று தள்ளிவிடுவார்கள் என்ற பயமும் பாதிதான் சரி. ஒரு நிறுவனம் தன் இயக்குநரின் உபயோகத்துக்கு வாங்கிய சொகுசு காரை அப்படித் தள்ள முடியாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் டெல்லியில் தேசிய ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வழக்கு என்று போனால் காலம் எவ்வளவு ஆகும் என்பதற்கு, நுகர்வோர் வழக்கு அல்லாத ஒரு கணக்கு. ஐதராபாத் நிறுவனம் ஒன்று 2009 செப்டம்பரில் ஒரு புது சொகுசு செடான் வாங்கி, சில நாளிலேயே கோளாறு என்று போலீஸில் புகார் கொடுத்தது. 50 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது 2024 ஜூலையில். உரிமை இருக்கிறது என்பதை நம்பி மோசமான காரை வாங்கிவிடாதீர்கள்.

அப்பாவின் முழங்காலும் தம்பியின் மௌனமும்

பெரிய கார் என்றால் ஏறி இறங்கச் சுலபம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம். இந்தக் கார்கள் நீளம்: எஸ் கிளாஸ் 5.29 மீட்டர், பி.எம்.டபிள்யூ. செவன் சீரீஸ் 5.39 மீட்டர். உயரம் சுமார் ஒன்றரை மீட்டர்தான். உள்ளே கால் நீட்டலாம், ஆனால் உட்காரத் தாழ வேண்டும், எழ முழங்காலை ஊன்ற வேண்டும். இப்போதைய செவன் சீரீஸ் எஸ் கிளாஸைவிட நான்கு சென்டிமீட்டர் உயரம், அவருக்கு அதுகூட வித்தியாசம் தரலாம். அப்பாவை ஷோரூமுக்கு அழைத்துப் போய், யாரும் கை கொடுக்காமல் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் செடானையே மறந்துவிட்டு, பக்கவாட்டில் கதவு நகரும் டொயோட்டா வெல்ஃபயர் போன்றதைக் காட்டுங்கள். பென்ஸ் என்ற பெயர் அவருக்கு முக்கியமா, உங்களுக்கா என்பது அங்கே தெரிந்துவிடும். அப்படியே வீட்டு கேட்டையும் அளந்துகொள்ளுங்கள். கண்ணாடிகளை விட்டுவிட்டே கார் 1.95 மீட்டர் அகலம்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுவனப் பெயரில் வாங்கும் கார் இருவருக்கும் பொது. நாளை கணக்குப் பிரிக்க நேர்ந்தால் இது முதல் சண்டையாகும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது கரூரில் ஆர்டர்கள் என்ன ஆயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுக் காருக்கு ஒன்றரை கோடி கடன் என்றால், 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் சுமார் 3 லட்சத்து 11 ஆயிரம். அப்படியொரு மாதத்தில் அந்தத் தவணையை யார் கட்டுவது என்று தம்பியிடம் நேராகக் கேளுங்கள். சொந்தப் பெயரில், சொந்தப் பணத்தில் வாங்குவது என் விருப்பம். தேய்மானச் சலுகை போனாலும் குடும்பத்தில் பேச்சு இராது.

அப்படியானால் எதை வாங்குவது?

அப்பா செடானுக்குச் சரி என்றால், இரண்டு வழிகளைச் சொல்வேன். முதலாவது, தமிழ்நாட்டில் பதிவான, மூன்று நான்கு வயதுள்ள இப்போதைய தலைமுறை எஸ் கிளாஸோ செவன் சீரீஸோ. அதைக் கம்பெனியின் சொந்தப் பழைய கார் பிரிவிலேயே, பில்லோடும் எழுத்தில் உள்ள வாரண்டியோடும் வாங்குங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள். விலையில் பெரிய சரிவை முதல் ஓனர் ஏற்றுக்கொண்டிருப்பார், ஆயுள் வரியும் கட்டியாகிவிட்டது. வங்கிக் கடன் இருந்ததா என்று ஆர்.சி.யில் பார்த்து, இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-உம் வாங்குங்கள். முழுதாக இறக்குமதியான ஆடி ஏ8-ஐ இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். நல்ல காராக இருக்கலாம், ஆனால் சர்வீஸுக்குக் கோவைக்கே போக வேண்டியிருக்கிற உங்களுக்கு உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் வேலை வேண்டாம்.

இரண்டாவது, ஒரு படி கீழே புதுசு. நீளம் கூட்டிய பென்ஸ் இ கிளாஸ் 2024 அக்டோபரில் 78.5 லட்சத்தில் வந்தது, அதேபோல நீளமான பி.எம்.டபிள்யூ. 530 எல்.ஐ. அந்த வருடம் ஜூலையில் 72.9 லட்சத்தில். இரண்டும் ஷோரூம் விலை, வரி தனி. பின் சீட்டில் எஸ் கிளாஸோடு ஒப்பிட்டால் குறைதான், ஆனால் வாரண்டி உங்களுடையது. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் துணைவியாரும் இதற்கு ஒப்புவார் என்று தோன்றுகிறது.

கடைசியாக அந்த 1 லட்சம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, திருப்பித் தரமாட்டேன் என்ற நிபந்தனையும் இல்லை. ஆவணம் காட்ட முடியாமல் பேரம் முறிந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போனில் சண்டை போடாதீர்கள். கீழே உள்ளதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதையே பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்:

"தாங்கள் காட்டிய காருக்காக இந்தத் தேதியில் ஜி-பே மூலம் ரூ. 1,00,000 முன்பணம் தந்தேன். டெல்லி ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., பதிவில் உள்ள ஓனரின் எழுத்துபூர்வ ஒப்புதல், கம்பெனி சர்வீஸ் விவரம், முழுத் தொகைக்கும் பில் ஆகிய நான்கையும் ஏழு நாளுக்குள் அனுப்பவும். முழுத் தொகையையும் வங்கி மூலமாக மட்டுமே தருவேன். இவை இயலாவிட்டால் முன்பணத்தை அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பவும்."

ஏழு நாள் கழிந்தும் பதில் வராவிட்டால் ஜி-பே ரசீதையும் அவர் அனுப்பிய மெசேஜ்களையும் அச்செடுத்துக்கொண்டு கரூரிலேயே ஒரு வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் அனுப்புங்கள். மச்சானை அந்த நோட்டீஸில் இழுக்க வேண்டாம்.